பதினொரு நாள் மூடியிருந்த வால்வு

என்னிடம் இருப்பது இரண்டாம் தர எரிவாயுச் சான்றிதழ். ஜீ-ரூ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டிலும் சிறிய கடைகளிலும் இருக்கும், அறைகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ், அடுப்பு, சுடுநீர்த் தாங்கி போன்றவற்றை யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பொருத்தவும் திருத்தவும் அது எனக்கு அனுமதி தருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது அட்டை கையில் இருக்க வேண்டும். நான் நிரப்பும் ஒவ்வொரு தாளிலும் அதன் இலக்கம் இருக்க வேண்டும். நாளைக்கு அந்த வீட்டில் ஏதாவது நடந்தால் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

நாற்பத்தைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தேன். அதுவரை பத்திரிகை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். ரொறன்ரோவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்த காலத்தில் ஒரு வார இதழின் செய்திப் பக்கங்களைப் பார்த்தேன். அந்த இதழ் நின்றபோது மாலை வகுப்பில் சேர்ந்து எரிவாயு படித்தேன்.

அந்த வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர் சொன்னது அப்போது எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போகிறீர்கள், போகிற வழியில் ஃபேர்னஸ் சரியில்லை என்று கண்டால் அதுவும் இனி உங்கள் பொறுப்புத்தான் என்றார். கூப்பிட்டது எதற்காக இருந்தாலும், கண்ணில் பட்ட ஆபத்தைச் சரிசெய்யாமலோ அறிவிக்காமலோ வெளியே வர முடியாது. உடனடி ஆபத்து இல்லையென்றால் தவணை குறித்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுக்கலாம். உடனடி ஆபத்து என்றால் அந்த இடத்திலேயே எரிவாயுவை மூடி, சிவப்பு அட்டையைக் கட்டி, விநியோக நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் அழுதாலும் ஏசினாலும் அதில் மாற்றம் இல்லை.

போன பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, நகரின் கிழக்கே வோபர்னில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு தட்டு வீடு, கீழே பேஸ்மென்ற். வீட்டுக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் அமெரிக்காவில். இரண்டு மகள்மார், இருவரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். சுடுதண்ணீர் பாதியில் குளிர்ந்துவிடுகிறது, தாங்கியில் எப்போதும் எரிய வேண்டிய பைலட் சுடரும் இடைக்கிடை நூர்ந்துபோகிறது என்பது அவருடைய முறைப்பாடு.

தாங்கி பேஸ்மென்றில் இருந்தது. அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாடகைக்கு இருந்தார். மட்டக்களப்புக்காரர். விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். படியில் இறங்கும்போதே வீட்டுக்காரப் பெண் குரலைத் தாழ்த்தி, அங்கிளின் மனைவி காலமாகிப் பதினாறு நாள் என்று சொன்னார்.

தாங்கி இருந்த சிறிய அறையின் கதவு மரச்சட்டங்கள் வைத்தது, காற்றுப் போக இடைவெளி விட்டது. அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு சிறிய மேசை. அதன்மேல் இறந்தவரின் படம், மாலை, ஒரு தம்ளர் தண்ணீர், பித்தளை விளக்கு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசையை நகர்த்தட்டுமா என்று கேட்டேன். அவர் என்னைத் தொடவிடவில்லை. தானே எழுந்து வந்து, சுடரில் கண் வைத்தபடி, ஒரு சாண் தள்ளி வைத்தார். நான் பக்கவாட்டில் நுழைந்தேன்.

முதலில் பார்த்தது தாங்கியின் மேற்பகுதியை. தண்ணீர்க் குழாய்களைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் வளையங்கள் உருகி வழிந்திருந்தன. புகைக்குழாய் வழியாக மேலே போக வேண்டிய வெப்பமும் புகையும் திரும்பி அறைக்குள் கொட்டினால்தான் அவை உருகும். அடுத்ததாக, தாங்கிக்குப் பின்னால் வெளிச்சுவரிலிருந்து இறங்கும் காற்றுக்குழாயைப் பார்த்தேன். நெருப்பு எரிவதற்கு வெளியிலிருந்து காற்றுக் கொண்டுவருவது அது. அதன் வாயில் ஒரு வெள்ளை வேட்டி மடித்து இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. அதற்கு மேல் கடைப் பை ஒன்று கட்டியிருந்தது. நேர்த்தியான கட்டு.

அவரே ஒளிக்காமல் சொன்னார். அந்தக் குழாயால் வரும் குளிர்காற்றுக் கதவின் இடைவெளியால் வந்து விளக்கை நூர்த்துவிடுகிறது. முதல் மூன்று நாளில் ஏழு தடவை நூர்ந்ததாம். முப்பத்தோராம் நாள் வரை அது அணையக்கூடாது.

வீட்டுக்காரப் பெண்ணை மேலே போய்ச் சமையலறை விசிறியையும் உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தையும் போடச் சொன்னேன். இரண்டும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுபவை. தள்ளிய அளவுக்கு உள்ளே காற்று வர வேண்டும். வர வழியில்லை என்றால் புகைக்குழாய் வழியாகவே வரும், புகையையும் இழுத்துக்கொண்டு. நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டை அளக்கும் மானியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாங்கியின் எரிமுனை எரியத் தொடங்கிச் சில நிமிடத்தில் எண்கள் ஏறத் தொடங்கின. அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாத வேகத்தில் ஏறின. தாங்கியை நிறுத்தினேன். எல்லோரையும் வெளியே கூட்டிப்போய்க் கதவுகளைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்து வேட்டியை இழுத்து எடுத்தேன். குளிர்காற்று என் மணிக்கட்டில் பட்டது. எனக்குப் பின்னால் விளக்கு அணைந்தது. பெரியவர் உள்ளே வந்து நெருப்புப் பெட்டியை எடுத்துத் திரும்ப ஏற்றினார்.

சுவரில் இரண்டு திருகாணித் துளைகளும், வெயில் படாத வட்டமான ஒரு தடமும் இருந்தன. காபன் மொனொக்சைட் அலாரம் எங்கே என்று கேட்டேன். அலமாரி லாச்சியைத் திறந்து காட்டினார். பற்றரி கழற்றி வைத்திருந்தது. சாம்பிராணிக்கு அடிக்கிறது, அதனால் எடுத்துவிட்டேன் என்றார். எத்தனை மணிக்கு அடித்தது என்று கேட்டேன். பின்னேரம் ஆறு, ஆறரை. எத்தனை மணிக்குச் சாம்பிராணி காட்டுவீர்கள்? ஆறு மணிக்கு. வீட்டுக்காரப் பெண்ணைப் பார்த்து, நீங்கள் எத்தனை மணிக்குச் சமைப்பீர்கள் என்றேன். வேலையால் வந்து ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழு மணி வரை விசிறி ஓடும் என்றார். சொல்லி முடித்தபோது அவருக்கு விளங்கிவிட்டது. அலாரம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. பழியைச் சாம்பிராணியில் போட்டுவிட்டார்கள்.

ஆபத்தை அந்த இடத்திலேயே நீக்கிவிட்டால் சிவப்பு அட்டை தேவையில்லை. குழாயைத் திறந்தேன், எரிமுனையில் படிந்திருந்த கரியைத் துடைத்தேன், விசிறிகளை ஓடவிட்டு மீண்டும் சோதித்தேன். மானி பூச்சியத்தில் நின்றது. பற்றரியைப் போட்டு அலாரத்தைச் சுவரில் மாட்டினேன். விளக்கை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். மற்றச் சுவர்களில் யன்னல், கட்டில், படி. அதோடு, வைத்த இடத்திலிருந்து எடுக்கக்கூடாது என்று ஐயர் சொல்லியிருக்கிறார். மேலே வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். வீட்டுக்காரப் பெண் முந்திக்கொண்டார். சாவுத் துடக்கு வீட்டு விளக்கைத் தங்கள் சாமியறை இருக்கும் தளத்தில் வைக்க மாமியார் ஒப்பமாட்டார், அவர் ஊரிலிருந்தே ஃபோனில் ஏசுவார் என்றார்.

தாளை எழுத உட்கார்ந்தபோது வீட்டுக்காரப் பெண் பக்கத்தில் வந்து நின்றார். வாடகை வீட்டில் அலாரம் இல்லாமல் இருந்தது வீட்டுக்காரரின் தவறு. பேஸ்மென்றும் முறையாகப் பதிந்ததல்ல என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை.

"அண்ணை, நீங்கள் பேப்பரில வேலை செய்த ஆள் தானே," என்றார். "எதை எழுதாமல் விடுறதெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

நான் எழுதியது மூன்று வரி. காற்றுக்குழாய் அடைபட்டிருந்தது. அடைப்பு நீக்கப்பட்டது. சோதனையில் குறை இல்லை. மூன்றும் உண்மை. யார் அடைத்தது, எதற்காக, அலாரம் எங்கே இருந்தது என்பவற்றை விட்டுவிட்டேன். பெரியவரிடம் இதை இனி அடைக்கக்கூடாது, அடைத்தால் நித்திரையிலேயே ஆள் முடிந்துபோகும் என்று சொன்னேன். "சரி மனே" என்றார், மட்டக்களப்புப் பேச்சில் மகனே என்று. வேட்டியை உதறி, நாலாக மடித்து, கட்டிலில் வைத்தார்.

என் வேலை வானுக்குள் ஏறி இருந்தும் வண்டியை எடுக்க முடியவில்லை. மடித்த வேட்டியைக் கட்டிலில் ஏன் வைத்தார்? அழுக்கான துணி. காற்றுக்குழாயின் தூசி முழுவதும் அதில் இருந்தது. எறிகிற துணியை யாரும் மடிக்கமாட்டார்கள்.

என்னை வேலைக்கு அனுப்புபவர், பதிவு பெற்ற சிறிய நிறுவனம் ஒன்றை நடத்தும் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் முதல்தரச் சான்றிதழ் இருக்கிறது. அன்று பின்னேரம் ஃபோனில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடைப்பை எடுத்தீர், சோதிச்சீர், எழுதினீர்," என்றார். "பிறகென்ன காணும்? விளக்குக்குப் பக்கத்தில நீர் போய்ப் படுக்கப்போறீரோ?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. செவ்வாய்க்கிழமை வெக்ஸ்போர்ட்டில் ஒரு உணவகத்தின் வறுக்கும் அடுப்பைத் திருத்தினேன். பொருத்திய இணைப்பில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்கும்போது, இந்த நேரம் மணி ஆறு, அந்த வீட்டு விசிறி ஓடும் என்று நினைத்தேன். அதே இணைப்பை இரண்டாம் முறையும் பூசிப் பார்த்தேன். முதல் முறை பார்த்ததை நான் கவனித்திருக்கவில்லை. புதன்கிழமை வெப்பநிலை இன்னும் இறங்கியது. வெளியே குளிர் கூடினால் குழாயால் வரும் காற்றும் கனக்கும், வேகமாகத் தரையில் இறங்கி ஓடும். விளக்கு இருப்பது அந்த ஓட்டத்தின் நேர்வழியில். இவை எல்லாம் எனக்குத் தெரிந்த கணக்கு. தெரிந்த கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பெரியவருக்கு ஃபோன் எடுத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். இருக்கிறேன் என்றார். விளக்கு எரிகிறதா என்றேன். "நல்லா எரியுது மனே," என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. ஃபோனை வைத்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. திறந்த குழாய்க்கு முன்னால், அந்தக் குளிரில், விளக்கு நன்றாக எரியக்கூடாது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே வோபர்னுக்குப் போனேன். ஆறு மணி தாண்டியிருந்தது. வீட்டின் பக்கச்சுவரில் விசிறியின் வாயால் தாளித்த வாசம் வந்தது. பேஸ்மென்றுக்குப் பக்கவாசல் இருந்தது. தட்டினேன். பெரியவர் திறந்தார். எரிமுனையைத் திரும்ப ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று ஒரு காரணம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் விலகி வழிவிட்டார்.

அலாரம் சுவரில் இருந்தது. பச்சைப் புள்ளி எரிந்தது. விளக்குச் சுடர் அசையாமல் நேராக நின்றது. நான் கதவைத் திறக்கும் முன்பே அவர் பேசினார்.

"நான் முழுசா அடைக்கல்ல," என்றார். "நீங்க சொன்னதுக்குப் பிறகு அரைவாசிதான் அடைச்சிரிக்கன்."

அளந்து செய்திருந்தார். வேட்டியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் குழாயின் மேல் பக்கத்தில் செருகி, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார். எனக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு தீர்ப்புச் செய்து பார்த்திருக்கிறார். தாங்கி அப்போது எரிந்துகொண்டிருந்தது. சிறிய கண்ணாடியைத் தாங்கியின் மேலிருக்கும் புகைமூடிக்குக் கீழே பிடித்தேன். உடனே ஆவி படிந்தது, புகை திரும்பிக் கொட்டுகிறது. மானியில் எண்கள் ஏறின, முன்னையதைவிட மெதுவாக. அலாரம் அடிப்பதற்கு இன்னும் நேரம் எடுக்கும். அதற்குள் அவர் மணிக்கணக்காக அதைச் சுவாசித்திருப்பார்.

இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. தாங்கிக்குப் போகும் வால்வை மூடினேன். இணைப்பைக் கழற்றிக் குழாயின் முனைக்கு மூடி போட்டேன். வாசல் கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் இருவரும் குளிருக்குள் வாசலில் நின்றபடி, சிவப்பு அட்டையை எழுதினேன். என் இலக்கம், நேரம், காரணம். இம்முறை யார், எதற்காக என்பதையும் எழுதினேன். விநியோக நிறுவனத்துக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். சுவெற்றருக்கு மேல் சால்வை மட்டும்தான்.

"என்ர உசிர்தானே மனே," என்றார். "அதுக்கு ஏன் உங்களுக்கு இவ்வளவு கரைச்சல்?"

"உங்கட உயிர் மட்டும் இல்லை அண்ணை. உந்தக் காற்று மேலயும் போகும். பிள்ளையள் படுக்கிற அறை இதுக்கு நேர மேல."

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மேலே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. நான் திங்கட்கிழமை இதைச் சொல்லவில்லை. ஆள் முடிந்துபோகும் என்றுதான் சொன்னேன். எழுபது வயதில், மனைவியை இழந்து இருபதாம் நாளில் இருக்கும் ஒருவரை அந்த எச்சரிக்கை எவ்வளவு தூரம் தடுக்கும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவர் உள்ளே போய், குழாயிலிருந்து தானே துணியை இழுத்து எடுத்தார். சுடர் உடனே சாய்ந்தது. இரண்டு கைகளையும் விளக்கைச் சுற்றிக் குவித்துக்கொண்டு குனிந்து நின்றார். அப்படியே நின்றார். இன்னும் பதினொரு நாள் இருந்தது.

திரும்பாமலே கேட்டார்.

"இப்ப காஸ் இல்லைத்தானே?"

"இல்லை."

"எரியிறத்துக்கு ஒண்டும் இல்லை."

"இல்லை."

"அப்ப இப்ப அடைக்கலாமோ?"

வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். ஃபேர்னஸ் புதிய வகை. தனக்கு வேண்டிய காற்றைச் சுவர் வழியாகத் தன் சொந்தப் பிளாஸ்டிக் குழாயாலேயே எடுக்கும், புகையையும் இன்னொரு குழாயால் வெளியே விடும். மேலே சமையல் மின்சார அடுப்பில். உலர்த்தும் இயந்திரமும் மின்சாரம். மேலே போய் அதையெல்லாம் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் காற்றுக்குழாயை நம்பியிருந்தது சுடுநீர்த் தாங்கி ஒன்று மட்டும்தான். அது இப்போது மூடிக் கிடந்தது.

"அடைக்கலாம்," என்றேன்.

அவர் கிழித்த இரண்டு துண்டையும் எடுத்தார். நான் விளக்குக்குக் கை பிடித்தேன்.

வீட்டுக்காரப் பெண் என் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். சிவப்பு அட்டையைக் கண்டதும் நின்றுவிட்டார். பெப்ரவரியில் பிள்ளைகளை எதில் குளிக்க வார்ப்பது என்று கேட்டார். நான் செய்தது அநியாயம் என்றார். திங்கட்கிழமை சரி என்று எழுதிக் கொடுத்ததை வெள்ளிக்கிழமை பிழை என்று எழுத எனக்கு வெட்கமில்லையா என்றும் கேட்டார். வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றார்.

கூப்பிடலாம் என்றேன். அது அவருடைய உரிமை. சான்றிதழ் உள்ள எவரும் வந்து, துணியை எடுத்து, சோதித்து, இணைப்பைப் போட்டு, அட்டையைக் கழற்றலாம். அரை மணித்தியால வேலை. துணியை எடுத்தால் விளக்கு நூரும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது என் கடமைக்குள் வராத வசனம். அவர் பெரியவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், படியேறிப் போனார். மேலே கதவு சாத்திய சத்தம் நிதானமாக இல்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அந்த இலக்கமா என்று பார்த்தேன். அடிக்காதபோதும் பார்த்தேன். வேறு யாராவது வந்து அட்டையைக் கழற்றினால் எனக்கு அறிவிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் துணியை எடுத்துச் சோதிப்பார், சரி என்று எழுதுவார், போய்விடுவார். திங்கட்கிழமை நான் செய்தது போலவே. அவர் போன பிறகு பெரியவர் என்ன செய்வார்? கூரையைப் பார்த்தவர் அடைக்கமாட்டார் என்று ஒரு நேரம் நினைத்தேன். அரைவாசிக்கும் அரைவாசி அடைத்துப் பார்ப்பார் என்று இன்னொரு நேரம் நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நிறுவனக்காரர் கூப்பிட்டார்.

"அந்த வீட்டுக்காரப் பிள்ளை எனக்கு ரெண்டுதரம் ஃபோன் அடிச்சிட்டுது. உமக்கு வேலை தெரியாதாம்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"அது எனக்கு முந்தியே தெரியும் எண்டனான்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அட்டையில் எழுதியதன் படம் இருக்கிறதா, தனக்கு ஒன்று அனுப்பும் என்றார். அனுப்பினேன். முதலாம் நாள் எழுதிய மூன்று வரியின் படத்தையும் அனுப்பினேன். இரண்டையும் பார்த்துவிட்டு, இனி முதலாவதைப் போல எழுதாதேயும் என்று மட்டும் சொன்னார்.

மார்க்கம் வீதியால் போகவேண்டிய வேலைகளுக்கு அந்தத் தெருவால் சுற்றிப் போனேன். இரண்டு தடவை. வீட்டு முன்றலில் வேறு நிறுவனத்தின் வான் நிற்கிறதா என்று பார்த்தேன். முதல் தடவை பனி தள்ளிய முன்றல் வெறுமையாக இருந்தது. இரண்டாம் தடவை ஒரு வெள்ளை வான் நின்றது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பொதி கொண்டுவருபவர். பின்னால் வந்த கார்க்காரர் ஹோன் அடித்தார்.

முப்பத்திரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்காரப் பெண் ஃபோன் எடுத்தார்.

"நேற்று எல்லாம் முடிஞ்சுது. வந்து திறந்துவிடுங்கோ அண்ணை."

நான் போனபோது அட்டை கட்டியபடியே இருந்தது. முடிச்சு என்னுடைய முடிச்சு. மேசையும் விளக்கும் இல்லை. படம் சுவரில் ஏறியிருந்தது. பெரியவர் கடைக்குப் போயிருந்தார். நான் கீழே கருவிகளைப் பரப்பியபோது அந்தப் பெண் படியில் உட்கார்ந்தார். வேலைக்குப் போக உடுத்தியிருந்தார். வேறு ஆளைக் கூப்பிடவில்லையா என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஒருத்தரோட கதைச்சு நேரமும் எடுத்தனான். சனிக்கிழமை பத்து மணிக்கு." கையிலிருந்த திறப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை விடிய எழும்பினால், படியில ரெண்டு வாளி. சுடுதண்ணி. மூடி போட்டு, துவாயால சுத்தி வைச்சிருக்கு. உந்தச் சின்னக் கரண்ட் அடுப்பில கேத்தில் கேத்திலாய் வைச்சு நிரப்பியிருக்கிறார். எத்தினை மணிக்கு எழும்பினவரோ. எழுபது வயசு ஆள், உந்தப் படியால தூக்கிக்கொண்டு வந்து."

வாளி வேண்டாம் என்று பெரியவரிடம் இவர் சொல்லியிருக்கிறார். அடுத்த நாளும் இரண்டு வாளி இருந்ததாம். அதற்கு அடுத்த நாளும்.

"பிள்ளையள் அதிலதான் குளிச்சவை. நான் ஒரு நாள் ஏசினனான். ஏசினதுக்கும் தலையாட்டிப்போட்டு, விடிய ரெண்டு வாளி." எழுந்தார். "இனி அந்தச் சிவப்பு மட்டையை என்ர கண்ணில காட்டாதேங்கோ."

வேலைக்குப் போய்விட்டார். நான் துணியை எடுத்து, குழாயை உள்ளே வரை துடைத்து, இணைப்பைப் போட்டு, கசிவு பார்த்து, பைலட்டை ஏற்றினேன். விசிறிகளை ஓடவிட்டேன். தாங்கி எரியும்போது பெரியவர் வந்துவிட்டார். ஒரு மாதத் தாடியை வழித்திருந்தார். பாலும் பாணும் வாங்கி வந்திருந்தார். கதவருகே நின்று, நான் மானியைப் பார்ப்பதைப் பார்த்தார். எல்லாம் சரியா என்றார். சரி, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் என்றேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார். நின்றபடியே குடித்தேன்.

சோதனை முடிந்து தாளில் கையெழுத்துப் போடும்போது அவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாற வருசம் திவசம் வரும்," என்றார். "அண்டைக்கும் விளக்கு வைக்கோணும். ஒரு நாள்தான்."

நான் பேனையை மூடினேன்.

"அதுக்கு முதல் நாள் எனக்கு ஒருக்கால் ஃபோன் அடியுங்கோ அண்ணை. வந்து மூடித் தாறன். அடுத்த நாள் வந்து திறந்து விடுறன்."

தலையாட்டினார். எந்தத் திகதி என்று கேட்டேன், குறித்து வைக்கலாம் என்று. அது இப்போது சொல்ல முடியாது, திதி பார்த்துத்தான் வரும் என்றார். ஐயரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.